திரை சொல்வதைப் படியுங்கள்

 

இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். "நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீர்கள். நம் நாட்டுக் கிராமங்களில் பொது சேவை மையங்கள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு அரசு இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அங்கே போகிறோம். உதவித்தொகைப் பணம் எடுக்கக் கைரேகை வைக்கிறோம். சில மகளிர் குழுக்களின் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன ஆகும்? "மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒரு பாட்டி வெயிலில் நடந்து வந்திருப்பார். ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அவர்கள் வெறும் கையோடு திரும்ப வேண்டும். ஆகவே இது மிஷினின் பிரச்சினை மட்டும் அல்ல. நம் பிரச்சினை.

கம்ப்யூட்டருக்கு வாய் இல்லை. ஆனால் தன் குறையைப் பல நேரம் திரையில் எழுதிக் காட்டும். நாமோ அதைப் படிக்காமல் வயரைப் பிடுங்குகிறோம். பெரும்பாலான மையங்களில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் அடிக்கடி வரும் மூன்று குறைகளைப் பார்ப்போம்.

முதல் குறை: பிரின்டர் அல்லது கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை.

பஸ் ஓட டிரைவர் வேண்டும். இந்தக் கருவிகளுக்கும் டிரைவர் வேண்டும். இங்கே டிரைவர் என்பது ஆள் அல்ல, ஒரு சிறிய மென்பொருள். கம்ப்யூட்டர் சொல்வதைக் கருவிக்குப் புரியும்படி சொல்வது அதன் வேலை. அது இல்லையென்றால், கருவி நன்றாக இருந்தும் பயன் இல்லை.

முதலில் வயரைப் பாருங்கள். கழற்றி வேறொரு துளையில் செருகுங்கள். பிறகு 'ஸ்டார்ட்' பொத்தானின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் எல்லாக் கருவிகளின் பெயரும் தெரியும். ஏதாவது ஒரு பெயரின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் இருக்கிறதா? அந்தக் கருவியில் ஏதோ கோளாறு. பல நேரம் அது டிரைவர் கோளாறுதான்.

கருவியைச் செய்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடலாம். கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. ஆதார் கைரேகைக் கருவிக்கு டிரைவரோடு 'ஆர்.டி. சர்வீஸ்' என்ற மென்பொருளும் வேண்டும். நேற்று வரை வேலை செய்த கருவி, புதிய டிரைவர் வந்த பிறகு நின்றுவிட்டதா? 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தானைப் பாருங்கள். அதை அழுத்த முடிந்தால் பழைய டிரைவர் திரும்ப வந்துவிடும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் புதுக் கருவி வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டாவது குறை: கம்ப்யூட்டர் அணைய மாட்டேன் என்கிறது.

அணைக்கச் சொன்னோம். திரை அப்படியே நிற்கிறது. ஏன்? சேமிக்காத வேலை ஏதாவது திறந்திருக்கலாம். அதன் பெயரைத் திரையே காட்டும். திரும்பிப் போய், சேமித்து, மூடிவிட்டு அணையுங்கள்.

சில நாள் 'அப்டேட்' நடக்கும். "கம்ப்யூட்டரை அணைக்காதே" என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அப்போது காத்திருங்கள். பாதி வெந்த சோற்றை இறக்கினால் சாப்பிட முடியுமா? அது போலத்தான். நடுவில் கரண்டை நிறுத்தினால் விண்டோஸே கெட்டுப்போகலாம். கணக்கும் போகலாம்.

வெகு நேரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. பவர் பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அணைந்துவிடும். இதை வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு செய்தி. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பல கம்ப்யூட்டர்கள் வேகமாகத் திறப்பதற்காக முழுமையாக அணைவதில்லை. நேற்றைய கோளாறு இன்றும் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கோளாறு வந்தால் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

மூன்றாவது குறை: இடம் இல்லை.

நெல் கொட்டும் குதிர் நிறைந்துவிட்டால் மேலே கொட்ட முடியாது. கம்ப்யூட்டரின் டிஸ்க்கும் அப்படித்தான். 'திஸ் பிசி' என்பதைத் திறந்து 'சி' டிரைவைப் பாருங்கள். அதன் கோடு சிவப்பாக இருந்தால் இடம் தீரப் போகிறது என்று பொருள். அப்டேட் ஏறாது. வேலை மெதுவாகும்.

128 ஜி.பி. என்று சொல்லி விற்ற டிஸ்க், கம்ப்யூட்டரில் 119 ஜி.பி. என்று காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

நீக்கிய கோப்பு உடனே போய்விடாது. 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக் கூடையில் கிடக்கும். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கூடையைக் காலி செய்யுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். தற்காலிகக் கோப்புகளை அங்கே நீக்கலாம். ஆனால் கவனம்! அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். உங்கள் சான்றிதழ்களும் ரசீதுகளும் அதில் இருக்கலாம். பார்க்காமல் அதில் குறி போடாதீர்கள்.

குழுக் கணக்கை மாதம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். யாராவது "ஃபார்மட் பண்ணணும்" என்றால், "நகல் எடுத்தாச்சா?" என்று முதலில் கேளுங்கள். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளது அழிந்துவிடும்.

சில நேரம் திரையில் அபாய அறிவிப்போடு ஒரு போன் நம்பர் வரும். "உடனே கூப்பிடு" என்று மிரட்டும். கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை. அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

"திரையில் ஆங்கிலம்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். விண்டோஸைத் தமிழிலும் மாற்றி வைக்கலாம். இல்லாவிட்டால் இன்று சொன்ன சொற்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, மையத்தில் இருப்பவரிடம் ஆங்கில எழுத்தைப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து சொற்கள்தான். பஸ் போர்டு படிக்கக் கற்றவருக்கு இது பெரிய வேலை இல்லை.

அடுத்த முறை "மிஷின் ரிப்பேர்" என்று யாராவது சொன்னால், பேசாமல் திரும்பி வராதீர்கள். "திரையில் என்ன எழுதியிருக்கிறது? காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். நாம் எழுத்துக் கற்றது அதற்கும்தான்.