மண் சுவருக்குள் மின்சாரப் பள்ளி
(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)

நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? "பணம் இல்லை" என்கிறார்கள். கட்டடத்துக்கே பணம் போய்விட்டால் யந்திரத்துக்கும் வாத்தியாருக்கும் எங்கே போவது என்கிறார்கள். இந்தப் பதில் சரிதானா என்பதை ஒரு கிராமத்தை வைத்துப் பார்ப்போம்.

பங்களாதேஷில் தினாஜ்பூர் ஜில்லாவில் இருக்கிறது ருத்ராபூர் கிராமம். அங்கே தீப்ஷிகா என்ற சேவை ஸ்தாபனத்துக்காக மின்சார வேலை கற்பிக்கும் பள்ளி ஒன்று 2008ல் எழுந்தது. 'தேசி' என்று அதற்குப் பெயர். திட்டம் வகுத்தவர் அன்னா ஹெரிங்கர் என்ற ஜெர்மானியப் பெண். மண்ணும் மூங்கிலுமே அதன் பிரதானச் சரக்கு. 2 வகுப்பறைகள், 2 ஆபீஸ் அறைகள், ஆசிரியர்களுக்கு 2 குடியிருப்புகள், குளியலறை, கழிவறை, செப்டிக் டாங்க் எல்லாம் அதில் உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளிப் பலகைகளே தருகின்றன.

சிலர் கோபத்துடன் கேட்பீர்கள்: "முதலாளிக்குக் காரை மாளிகை, தொழிலாளி பிள்ளைக்கு மண் சுவரா? குடிசையை விட்டு வெளியே வரத்தானே போராடுகிறோம்?"

நியாயமான கேள்விதான். ஆனால், குடிசை ஏன் இடிகிறது? அஸ்திவாரம் இல்லை. கூரையின் இறவாணம் குறுகியது. மழைத் தண்ணீர் சுவரின் காலை அரிக்கிறது. சொந்த மனை இல்லாதவன், நாளை விரட்டப்படுவோமோ என்ற பயத்தில், ஆழமாக வானம் தோண்டுவானா? குற்றம் மண்ணினுடையதல்ல, நிலமின்மையினுடையது!

இதே ருத்ராபூரில் 2005ல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். செங்கல் அஸ்திவாரம் போட்டு, ஈரம் மேலே ஏறாமல் தடுப்பு வைத்தார்கள். மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து, மாடுகளை விட்டு மிதிக்கவைத்து, படை படையாகச் சுவர் எழுப்பினார்கள். ஒரு படை உலர்ந்த பிறகே அடுத்த படை. ஓரங்களைக் கூரான மண்வெட்டியால் செதுக்கினார்கள். மேல்மாடி முழுவதும் மூங்கில். சுவருக்கு நல்ல கால், நல்ல தலை, இரண்டையும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிக்கு 2007ல் ஆகாகான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். சிமெண்டையும் கம்பியையும் வாங்கினால் அந்தப் பணம் ஊரை விட்டுப் போகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். உலகில் மனிதன் வெளிவிடும் கரியமில வாயுவில் 100க்குச் சுமார் 8 பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. மண்ணுக்குச் சூளை வேண்டாம், நிலக்கரி வேண்டாம். அது கேட்பது கைகளைத்தான். ஆகவே பணத்தின் பெரும்பகுதி கூலியாகவே ஊருக்குள் தங்குகிறது.

மற்றொரு லாபமும் உண்டு. இந்தக் கட்டடமே ஒரு பாடபுத்தகம். சூரியப் பலகையிலிருந்து கம்பி எப்படி வருகிறது, பாட்டரி எப்படி நிரம்புகிறது என்பதை மாணவன் தன் தலைக்கு மேலேயே பார்க்கிறான்.

எல்லாவற்றையும் மண்ணாலேயே கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. கனமான லேத் நிற்கும் தரைக்குக் காங்கிரீட் வேண்டும். மண் சுவரை அவ்வப்போது பூசிப் பராமரிக்கவும் வேண்டும். தேவையான இடத்தில் சிமெண்டைப் போடுங்கள். மற்ற இடத்தில் ஏன் என்று கேளுங்கள்!

தோழர்களே! நாளை உங்கள் ஊரில் தொழிற்பள்ளிக்கு மதிப்பீடு போட்டால், பேசாமல் தலையாட்டாதீர்கள். சரக்குக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நம் கொத்தனாரும், வயலில் மண் மிதித்த விவசாயத் தொழிலாளியும் அந்தக் கமிட்டியில் உட்கார வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் யந்திரமாகவும் வாத்தியார் சம்பளமாகவும் நம் பிள்ளைகளுக்கே வந்து சேரட்டும்!