தொழிலாளர் உள்ளம் கவரும் தலைமை

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கத்து இளைஞர் சிலர் சிறு தொழில்கள் தொடங்கியுள்ளனர். "ஆட்கள் நிலைப்பதில்லை" என்பதே அவர்களுடைய குறை. இதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை; இந்த நாகபுரியிலேயே அது கிடைக்கிறது.

1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டா இங்கே எம்பிரஸ் ஆலையைத் திறந்தார். அதன் நிர்வாகத்தைப் பெஜோன்ஜி மேத்தாவிடம் ஒப்படைத்தார். மேத்தா, ஜி.ஐ.பி. இரயில்வேயின் சரக்குப் பகுதியிலிருந்து வந்தவர். பஞ்சாலைத் தொழில் அவருக்குப் புதிது. அவர் இரயில்வேக்காரர் என்பதில் எமக்குச் சிறிது பெருமையும் உண்டு!

அக்காலத்தில் தொழிலாளர் பலர் நினைத்த நாளில் வந்தனர். நினைத்த நாளில் நின்றனர். அவர்களை விரட்டுவதை விட, ஆலையில் அவர்களுக்கு ஒரு பிடிப்பை உண்டாக்குவதே மேல் என்று ஜாம்ஷெட்ஜி கருதினார். காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள் அமைத்தார். பரிசளிப்பு விழா நடத்தி நல்ல உழைப்பாளிகளைச் சிறப்பித்தார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. 1895இல் விபத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கத் தொடங்கினர். இதற்கான சட்டம் நாட்டில் வந்ததோ 1923இல்தான்! சட்டம் கேட்குமுன் கொடுத்தவரைத் தொழிலாளர் மறப்பரோ? அவ்வாலை இன்று இயங்கவில்லை. ஆயினும் அது கற்பித்த பாடம் அழியவில்லை.

எனினும், கொடுத்தால் மட்டும் போதுமா? ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912இலேயே எட்டு மணி நேர வேலை வந்தது. 1920இல் சேமநல நிதியும் வந்தது. அவ்வாறிருந்தும் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் மூண்டன. ஊதியமும் ஆட்குறைப்பும் மனக்கசப்பை வளர்த்தன. பின்னர், 1956இல் தொழிற்சங்கத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கை, தொழிலாளரும் நிர்வாகமும் கலந்தாலோசிக்க வழி வகுத்தது. கையால் கொடுப்பதோடு காதால் கேட்கவும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

எம் அனுபவமும் அதுவே. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சு மாத இரவுகளில், "முடித்துவிட்டுப் போங்கள்" என்று உத்தரவிட்டு வீடு சென்ற மேலதிகாரியையும் கண்டோம். எங்களுடன் அமர்ந்து கூட்டல் சரிபார்த்து, நோயுற்ற குழந்தையை உடைய தோழரை முதலில் வீட்டுக்கு அனுப்பிய மேலதிகாரியையும் கண்டோம். இருவர் காலத்திலும் சம்பளம் ஒன்றே. ஆனால் பின்னவருக்காக, அழையாமலே ஞாயிற்றுக்கிழமையும் வந்தோம்.

ஆகவே, தொழில் தொடங்கும் இளைஞர்களே! உங்களிடம் நான்கு பேரே பணிபுரியலாம். உரிய கூலியை உரிய நாளில் கொடுங்கள். அவர்கள் கூறுவதைக் கேளுங்கள். நட்டம் வந்தால் முதலில் நீங்கள் தாங்குங்கள். ஆட்கள் நிலைப்பார்கள், தொழிலும் நிலைக்கும்.