பெரும்பான்மை எழுந்து நின்றபோது



அதிகாரம், உண்மை, கூட்டத்தின் நெருக்குதல் என்று சொன்னதுமே நம் மேடைகளில் இயேசுவை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்துவின் நியாயாசனம் வந்துவிடும். பிலாத்து நமக்கு வசதியானவன், அவன் வெளியாள். திருச்சபைக்குள்ளேயே முறைப்படி வாக்கெடுத்து உண்மையைத் தோற்கடித்த கதை ஒன்று உண்டு. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1933 ஜூலை 23 அன்று ஜெர்மனி முழுவதும் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தேர்தல். முந்தின நாள் ஹிட்லரே வானொலியில் பேசி, நாஜி ஆதரவு ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ அணிக்கு ஆதரவு திரட்டினார். எதிரணியின் துண்டறிக்கைகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் அந்த அணிக்கே போயின.

செப்டம்பரில் பெர்லினில் கூடிய பிரஷ்யத் திருச்சபையின் பொதுச் சினாடுக்கு, அதாவது பேரவைக்கு, ‘பழுப்புச் சினாடு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரதிநிதிகள் பலர் நாஜிகளின் பழுப்புச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். யூத வம்சாவளியினரும், அப்படிப்பட்டவரை மணந்தவர்களும் ஆயர் பணியில் இருக்கக் கூடாது என்று அங்கே சட்டம் நிறைவேறியது. வெஸ்ட்ஃபாலியாத் திருச்சபையின் கார்ல் கோக் சிறுபான்மை அணிக்காக எழுந்தார். கூச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. தம்மவர்களோடு அவையை விட்டு வெளியேறினார். ஞானஸ்நானம் பெற்றவரிடம் இனம் கேட்கலாமா என்ற கேள்விக்கு எண்ணிக்கையே பதிலாகிவிட்டது.  

எதிர்ப்பு எழாமலில்லை. ஆயர் மார்ட்டின் நீமோல்லர் தொடங்கிய ஆயர்களின் அவசரகாலச் சங்கத்தில் சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 1934 மே மாத இறுதியில் பார்மனில் கூடிய எதிர்ப்பியக்கத்தின் சினாடு, பெரும்பாலும் இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிய ஆறு கூற்றுகளை ஏற்றது. இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவர் திருச்சபைக்கு இல்லை என்பது அதன் சாரம். துணிவான வாசகம்தான். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைத் தம் குற்றமாகப் பார்த் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எழுதியிருந்தாலும் அன்று அந்த அவையே ஏற்றிருக்காது என்றும் சொன்னார். லூத்தரன்களும் சீர்திருத்தச் சபையினரும் பிரியாமல் கைதூக்க வேண்டுமே! நல்லவர்களின் கூட்டத்துக்கும் ஒரு நெருக்குதல் உண்டு. அது கூச்சலிடுவதில்லை, ஒற்றுமை என்று பேசும். இதுதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

1938 ஏப்ரலில், ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டி, ஆயர்கள் அவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று பிரஷ்யத் திருச்சபையின் நிர்வாகத் தலைமை உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்கியது அரசு அல்ல, திருச்சபை அலுவலகம் என்பதைக் கவனியுங்கள். மறுத்தால் வேலை போகும். எதிர்ப்பியக்கத்தின் சினாடும் வாரக்கணக்கில் தத்தளித்துவிட்டு, கடைசியில் எடுக்கலாம் என்று வழிவிட்டது. பெரும்பாலானோர் எடுத்தார்கள். பிறகுதான் நாஜிக் கட்சித் தலைமையைச் சேர்ந்த மார்ட்டின் போர்மனின் சுற்றறிக்கை வெளியே தெரிந்தது: ஆயர்கள் பிரமாணம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்சிக்கு ஒன்றுதான். கேட்காத எஜமானுக்கு மனச்சாட்சியைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க்கில் நாஜிகளால் தூக்கிலிடப்பட்ட இறையியலாளர் போன்ஹோஃபரைப் பற்றிப் பல கட்டுரைகள் இருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் பிரமாணம் எடுத்த ஆயர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் குடும்பமும் சபையும் இருந்தன. ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு நியாயமும் இருந்தது. அந்த நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய, மாலை விவாத நேரத்தையாவது ஒதுக்குமாறு ஒருங்கிணைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.