உப்பங்காற்றில் புதிய மோட்டார் சைக்கிள்

(மரக்காணம் வட்டார உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் வண்டியைப் பற்றிப் பேசுகிறானே என்று வியப்படைய வேண்டாம். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டி வந்தது முதல், உரமூட்டையும் புல்லுக்கட்டும் இருசக்கர வண்டியிலேயே போய்வருகின்றன. ஆகவே அதுவும் இன்று ஓர் உழவுக் கருவிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும், பட்டறையில் அதன் சட்டத்தில் துளையிட்டுப் பெரிய கேரியர் ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். துளையைச் சுற்றி வண்ணம் பூசச் சொல்லத் தோன்றவில்லை. உப்பளங்களின் ஓரமாக அன்றாடம் சென்று வந்தேன். இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒருநாள் வேர்க்கடலை விதை மூட்டையுடன் தாயாரையும் ஏற்றிக்கொண்டு வருகையில், துளையிட்ட இடத்தில் சட்டம் விண்டுபோயிற்று. விழுந்ததில் தாயாரின் மணிக்கட்டு முறிந்தது. தவறு வண்டியுடையதன்று, என்னுடையது.

உப்பு செய்யும் வேலை

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். மழைக்காலத்தில் உப்புச் சாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வண்டியின் மீது படியும் உப்புத் தூளும் அவ்வாறே கசிந்து, வண்ணம் உரிந்த இடங்களில் இரும்பை அரிக்கிறது. வண்டி நிழலில் நின்றாலும் இந்த அரிப்பு நிற்பதில்லை.

உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடிப்பது போல, வண்டியையும் வாரம் ஒருமுறையாவது நல்ல நீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு சேரும். எஞ்சின் ஆறிய பின் கழுவுங்கள். மட்கார்டின் உட்புறம், சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ் கம்பிகள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். துடைத்து உலர்த்திய பின் செயினுக்கு எண்ணெய் இடுங்கள். பாட்டரி முனைகளில் வாசலின் தடவலாம். பிரேக் கட்டை, டிஸ்க் ஆகியவற்றில் மட்டும் எண்ணெய் படவே கூடாது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது மாட்டை முதல் நாளே முழுச் சுமையில் பூட்டுவதில்லை. வண்டியும் அப்படித்தான். தொடக்கத்தில் முழு வேகமும் மிகுசுமையும் வேண்டா. முதல் சர்வீசில் எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுங்கள். புதுப் பாகங்கள் உராய்ந்து உதிரும் உலோகத் துகள்கள் அதில் இருக்கும். டயர் காற்றின் அளவு, செயின் தளர்வு, ஏற்றக்கூடிய எடை ஆகியவை வண்டியுடன் தரும் கையேட்டில் உள்ளன. அதை ஒருமுறை முழுதும் படியுங்கள்.

எதை மாற்றலாம்?

கண்ணாடி, பிரேக் லீவர் ஆகியவற்றை உங்கள் உயரத்திற்கும் கைக்கும் ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம். சேறு தெறிக்காதபடி ரப்பர் மடல் போடலாம். புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்கும் காப்பும், பின்னிருப்பவருக்கான கைப்பிடியும் கால்மிதியும் சட்டப்படியே இருக்க வேண்டியவை. அவற்றைக் கழற்றிவிடாதீர்கள். கேரியர் வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள திருகாணித் துளைகளில் பொருந்துவதையே வாங்குங்கள். சட்டத்தில் துளையிடுவதோ வெல்டிங் செய்வதோ கூடாது. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் பாரம் தள்ளிப்போனால், முன்சக்கரம் இலேசாகி வண்டி சொன்னபடி திரும்பாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

வெள்ளத்தில் மூழ்கினால்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது நம் உப்பளங்கள் நீரில் மூழ்கியதை அறிவீர்கள். மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல் அமுங்காது. எஞ்சினின் உள்தண்டு வளைந்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை நல்ல நீரால் கழுவி, தள்ளியே மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

பெருமக்களே, என் தாயாரின் கை கூடிவிட்டது. ஆனால் இன்றும் தண்ணீர்க் குடத்தை அந்தக் கையால் தூக்க முடிவதில்லை. வண்டியில் புதிதாக எதையும் பொருத்துமுன் கையேட்டைப் புரட்டுங்கள். வாரம் ஒரு வாளி நல்ல நீரை அதற்கென ஒதுக்குங்கள்.