மீள்வோர்க்கு மீண்டோர் துணை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் குடியைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் இதே விழாவில் நமக்குப் பந்தி பரிமாறிய அன்பர் ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் குடிக்கு ஆட்பட்டபோது நாம் இருமுறை அவர் இல்லம் சென்றோம். இருமுறையும் உபதேசம் செய்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் முறை மாலையோடு சென்றோம்.

அமெரிக்க நாட்டில் பில் வில்சன் என்றொரு பங்குத் தரகர். குடியால் தொழிலை இழந்தவர். 1934 இறுதியில் குடியை விட்டார். பின்பு சில மாதங்கள் குடிகாரர் பலரைத் தேடிச் சென்று போதித்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும் போதித்தவர் மட்டும் குடிக்காமல் இருந்தார்! 1935 மே மாதம் தொழில் நிமித்தம் ஆக்ரன் நகர் சென்றார். சென்ற காரியம் தோற்றது. தங்கிய விடுதியிலேயே மதுக்கூடமும் இருந்தது. கால்கள் அங்கே இழுக்க, அவர் தொலைபேசியை நாடி, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரர் இவ்வூரில் உண்டா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த அவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்துவிட்டார். இம்முறை பில் போதிக்கவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். பேசாவிடில் தாமே குடித்துவிடுவோம் என்ற அச்சத்தோடு சொன்னார். மருத்துவர் இடையில் ஒருமுறை தவறினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்த நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

அங்கே கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பாரில்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. நம் நாட்டில் 1957 முதல் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் நோக்கி, முற்றிலும் குடிக்காதிருப்பதற்கு இவ்வழியில் சேர்த்துவிடும் முறை பிற உளவியல் சிகிச்சைகள் சிலவற்றினும் மிகுதியாக உதவுகிறது என்று கண்டது. ஒன்று மட்டும் மறக்கலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். ஆதலின் முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்.

கதவைச் சாத்திக்கொண்டு அழும் இல்லத்தரசியருக்கும் இத்தகைய கூட்டம் உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் உருவாக்கிய அதன் பெயர் அல்-அனான். ஊரிலிருந்தால் அத்தையோ மதினியோ உடனிருப்பர். இங்கோ, அடுத்த வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்னும் அச்சமன்றோ உடனிருக்கிறது!

இவ்வூரில் குடியிலிருந்து மீண்ட சிலர் நம் நூலக அறையை ஞாயிறு மாலைகளில் கேட்டனர். செயற்குழு இசைந்துள்ளது. வாடகை வேண்டா என்றோம். வெளியார் கொடை ஏற்பது தங்கள் வழக்கமன்று என்று சிறுதொகை தர முன்வந்துள்ளனர். அறைக்குப் பலகை மாட்டப்போவதில்லை. பின்புறக் கதவு ஆறு மணிக்குத் திறந்திருக்கும். அவ்வேளையில் அங்கே கேரம் ஆடும் இளைஞர்கள் மாடிக்குச் செல்லுமாறும், யார் வருகிறார் என்று எவரும் எட்டிப் பார்க்க வேண்டாமென்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.