மலை எரியுதுன்னா முதல்ல யாருக்குச் சொல்லணும்?

(தேனி மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு விவசாயி பேசியதன் எழுத்து வடிவம்)

இதை நீங்க பெரும்பாலும் போன்லதான் படிச்சிட்டு இருப்பீங்க. நான் பேச வந்ததும் அந்த போனைப் பற்றித்தான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை, அதனால எங்க வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் போடிக்கு மேற்கே, மலையடிவாரம். வீட்டில் ரெண்டு மாடு, கொஞ்சம் மா, கொஞ்சம் இலவம். சித்தப்பா ஆடு வைத்திருக்கிறார். மாசி பிறந்துவிட்டால் கீழே மேய்ச்சல் கிடையாது, ஆட்டை மேலே பத்திக்கிட்டுத்தான் போகணும். அதே மாசியில்தான் மலையும் காய்ந்து கிடக்கும். ஆள் உயரப் புல் வைக்கோல் மாதிரி நிற்கும், காற்று அடித்தால் சரசரவென்று சத்தம் வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும். எங்க அம்மாவுக்கு அந்தச் சத்தமே பிடிக்காது.

போன வருசம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். சேக்காளிகள் மூணு பேரோடு பைக்கில் வந்திருந்தான். "மாமா, தோப்புக்குப் பின்னாடி மேல போற தடம் இருக்குல்ல, அதுல ஆஃப்-ரோடு ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றோம். ரெண்டு மணி நேரம்தான்" என்றான். அது ஜீப் பாதைகூட இல்லை. காப்புக்காட்டுக்குள் போகிற ஆட்டுத்தடம். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கணும். ஊருக்கு வந்த பிள்ளை, ஆசைப்படுதே என்று பேசாம இருந்துவிட்டேன். அம்மாதான் சொன்னது: "வெயில் ஏறட்டும், காத்து எந்திரிக்கட்டும், அப்புறம் தெரியும்டா." பேரன் சிரித்தான்.

பதினொரு மணி இருக்கும். பைக்கைக் கிளப்பப் போகிற நேரம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. ஒரு மலைச்சரிவு முழுக்கத் தீ, யாரோ அழுகிற சத்தம். கீழே "நம்ம மலை எரியுது, எல்லாருக்கும் பகிருங்கள்" என்று எழுதியிருந்தது. சித்தப்பா காலையில்தான் ஆட்டோடு மேலே போயிருந்தார். சித்தி தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா போனுக்கு அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு அந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்தக் கூட்டத்தில் போன் பார்க்காத ஒரே ஆள் எங்க அம்மா. வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "டேய், வீடியோவுல எரியிறது இருக்கட்டும், அங்க தெக்குச் சரிவுல புகையுது பாரு" என்றது. பார்த்தால் நிஜமாகவே புகை. மெல்லிசாக, பீடிப் புகை மாதிரி. தோப்புத் தடம் போய்ச் சேருகிற சரிவு அது.

வீடியோ பழசு, வேறு ஏதோ மலை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அதனால் விளைந்த நன்மை என்றால் ஒன்றே ஒன்று, சித்தி அழுததில் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டார்கள். உடனே போன் செய்தோம். வனத்துறை ஆட்களும் ஊர் இளவட்டங்களும் போய்ப் பச்சைத் தழையால் அடித்து, இருட்டுவதற்குள் தீயை அணைத்துவிட்டார்கள். சித்தப்பா வேறு பக்கம் இருந்திருக்கிறார், ஆடுகளோடு நல்லபடியாக இறங்கி வந்தார். அன்றைக்கு ராத்திரி என் மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், எங்க வட்டாரத்தில் 'மலை எரியுது' என்பது வெறும் செய்தி இல்லை. 2018 மார்ச் 11, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் இறங்கி வரும்போது தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள். பெண்கள் நிறையப் பேர். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். காயம்பட்டவர்களைத் துணியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது.

'இப்பத்தான் செயற்கைக்கோள் இருக்கே, அது பார்த்துச் சொல்லிடாதா?' என்று நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்திய வன ஆய்வு நிறுவனம் நடத்தும் 'வன் அக்னி' இணையதளத்தில் நாடு முழுக்கத் தீப்புள்ளிகளைக் காட்டுகிறார்கள். பதிவு செய்துகொண்டால் உங்கள் பகுதிக்கான எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்-ஆக வரும், பொதுமக்களும் பதியலாம். நல்ல சேவை, பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அது வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலேயே நிற்பதில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்றரை வாக்கில் இன்னொன்று, ராத்திரியிலும் அதே மாதிரி கடந்து போகும். படம் இறங்கி, கணக்குப் போட்டு, எஸ்.எம்.எஸ் வருவதற்குள் இன்னும் நேரமாகும். எங்க அம்மா புகையைப் பார்த்தது பதினொரு மணிக்கு. அடுத்த செயற்கைக்கோள் வர ரெண்டரை மணி நேரம் இருக்கிறது. மெல்லிசுப் புகையாக இருக்கும்போதே அது கண்ணில் படும் என்றும் சொல்ல முடியாது. ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், சிலது ஒரு கிலோமீட்டர். கரும்புத் தோகை எரித்தாலும் அங்கே புள்ளி விழலாம். அதனால் புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் கண் அதைவிட வேகம்.

அப்போ புகை தெரிந்தால் என்ன செய்வது? வீடியோ எடுக்காதீங்க என்று சொல்ல மாட்டேன். முதலில் போன் பண்ணுங்க, அப்புறம் எடுங்க. 112-க்கு அடித்தால் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே எண். 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. வெளி மாவட்டத்திலிருந்து கூப்பிட்டால் முன்னால் எஸ்.டி.டி கோடு சேர்க்கணும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தீப்பிடித்த பிறகு தேடுகிற எண் இல்லை அது. எல்லையோரத்தில் பல இடங்களில் கேரள டவர்தான் கிடைக்கும். அதனால் எடுத்த எடுப்பில் 'தேனி மாவட்டம், இன்ன ஊர்' என்று சொல்லிவிடுங்கள். 'மலையில் தீ' என்றால் எந்த மலை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூகுள் மேப்பில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும், அதைப் படித்துச் சொல்லலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் ஜி.பி.எஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் நீங்கள் நிற்கிற இடம் தெரியும்.

மலைக்குள் இருக்கும்போதே தீ வந்துவிட்டால்? இதைக் கவனமாகப் படிங்க. தீ மேட்டில் வேகமாக ஏறும். சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகம் கூடும், மனுசனால் அதோடு ஓடி ஜெயிக்க முடியாது. மேலே ஓடாதீங்க. பள்ளமான ஓடைக்குள் இறங்காதீங்க, அது புகைபோக்கி மாதிரி தீயை இழுத்துவிடும். பக்கவாட்டில் நகர்ந்து, வெறும் பாறை, ரோடு, தேயிலைத் தோட்டம், இல்லையென்றால் ஏற்கெனவே எரிந்து கருகிப்போன இடம், இதில் ஏதாவது ஒன்றுக்குப் போங்க. பருத்தித் துணி போட்டிருந்தால் நல்லது. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு டி-சர்ட் எல்லாம் பாலியஸ்டர்தான், கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பைக்காரத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. புது பைக்கின் சைலன்சரில் புகை சுத்திகரிக்கிற கருவி இருக்கிறது, அது நன்றாகச் சூடேறும். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தினால் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'நான் பீடி குடிக்கலையே, நெருப்பு மூட்டலையே' என்று நீங்கள் சொன்னாலும் வண்டியே நெருப்புதான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும், தீ வைப்பதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வழக்கு வருமே என்று பயந்து, தற்செயலாகப் பிடித்த தீயைச் சொல்லாமல் ஓடிப் போகிறவர்களும் உண்டு. மேலே ஆடு மேய்ப்பவர் ஒருத்தர் இருப்பார் என்று நினைத்தாவது போன் பண்ணிவிடுங்கள்.

மலை பார்க்க ஆசை இருந்தால் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் மூடினார்கள். லீவு போட்டு டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். குரங்கணி பார்த்தவர்கள் நாங்கள், எங்களுக்கு எரிச்சல் வருவதில்லை.

எங்க வீட்டில் இப்போ ஒரு மாற்றம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மாப்பிள்ளை ஊருக்குப் போகும் முன் அதில் வனச்சரக அலுவலக எண்ணைப் போட்டு, 2-ஆம் பட்டனை அழுத்திப் பிடித்தால் போகிற மாதிரி செய்து வைத்தான். 1-ஆம் பட்டனில் என் எண் வேண்டும் என்று அம்மா சொன்னது, ஆனால் அந்த போனில் 1-ஐ மாற்ற முடியாதாம். அதனால் நான் 3. மழை பெய்து புல் பச்சையானதும் குரங்கணி–சாம்பலாறு பாதைக்கு முன்பதிவு செய்யப் போகிறேன் என்கிறான். "அம்மாச்சி, நீயும் வர்றியா?" என்று போனில் கேட்டான். "நான் அந்தக் காலத்துலயே வெறகு பொறுக்க அங்கிட்டுப் போனவதான், எனக்கு எதுக்குடா டிக்கெட்டு?" என்றது அம்மா.