வழிகாட்டும் பலகை தமிழில் பேசுக!



பாவும் ஊடும் தத்தம் வழியறிந்து ஓடுவதாலன்றோ தறியில் பட்டு உருவாகிறது! நெசவாளர் வாழும் ஐயம்பேட்டைக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாலையும் அத்தகையதே. பேருந்தும் சரக்குந்தும் விரையுமிடத்தில், மிதிவண்டிக்குரிய தடம் எதுவென அறிவிப்பது பலகையே.

1968-இல் வியன்னாவில் உருவான சாலைக்குறியீட்டு உடன்பாட்டில் இந்தியா 1980-இல் இணைந்தது. நீல வட்டத்துள் வெண்ணிற மிதிவண்டி, 'இத்தடம் மிதிவண்டிக்கே' எனும். செவ்வளையத்துள் மிதிவண்டி, 'இங்கு நுழையாதே' எனும். படத்திற்கு மொழி வேண்டா. ஆனால், எவ்வூர், எத்திசை, எவ்வளவு தொலைவு என்பவற்றிற்கு மொழி வேண்டும். அங்கே தமிழே முதலிடத்தில், பேரெழுத்தில் நிற்றல் வேண்டும். 2017-இல் வேலூர், கிருட்டிணகிரிப் பகுதி நெடுஞ்சாலைத் தொலைவுக்கற்களில் இந்தி ஏறியதையும், தமிழகம் எதிர்த்துக் குரலெழுப்பியதையும் மறத்தலாகாது.

பலகை திருப்பத்திற்கு முன்னரே நிற்க. திரும்பிய பின்னும் ஒருமுறை வழியை உறுதி கூறுக. மரக்கிளையும் சுவரொட்டியும் அதனை மறையாதிருக்க. 'சைக்கிள் டிராக்' எனத் தமிழெழுத்தில் ஆங்கிலம் எழுதுவது தமிழாகாது. 'மிதிவண்டித் தடம்' எனப் பொறிக்க. நடந்து செல்வோரும் உடன்செல்லும் வழி 'பொதுத்தடம்' ஆகுக.

பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் சிறுமி ஒரு நொடியில் படித்துணரும் மொழி தாய்மொழியே. அந்நொடியில் காக்கப்படுவது மொழி மட்டுமன்று, உயிருமாம்!